நின்றால் குளிர், ஓடினால் சூடு: ஒரு பழைய காரின் ஹீட்டர்

வண்டிக்கு 37 வயது. 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், கார்புரேட்டர். எஞ்சினின் உடலான பிளாக் இரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். ஏசி இல்லை, ஏர்பேக் இல்லை. டேஷ்போர்டில் இழுத்துத் தள்ளும் இரண்டு நெம்புகோல், மூன்று வேகம் உள்ள புளோயர் சுவிட்ச் ஒன்று. ஹீட்டரைப் பொறுத்தவரை ஓட்டுபவர் கைக்கு எட்டுவது அவ்வளவுதான்.

ஓட்டுபவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. புதிதாக வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர் கையில்தான் வண்டி இருக்கிறது. டேஷ்போர்டு அறையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். பெட்ரோல் போட்டது, ஆயில் மாற்றியது, டயருக்குக் காற்று அடித்தது, எல்லாம் தேதியோடு அதில் இருக்கும். பட்டறைக்கு வருகிறவர்களில் இப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். ஆனாலும் அந்த நோட்டை முதல் நாளே முழுதாகப் படிக்காமல் விட்டேன். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தேன்.

அவர் புகாரைச் சொன்ன விதமே பாதி நோயறிதல்.

"தம்பி, ஹீட்டர் வேலை செய்யலைன்னு நான் சொல்ல வரலை. வண்டி ஓடினா சூடு வருது. சிக்னல்ல நின்னா ரெண்டே நிமிஷத்துல பச்சைத் தண்ணி மாதிரி காத்து. மறுபடி ஓடினா மறுபடி சூடு."

"எத்தனை நாளா டீச்சர்?"

"போன குளிர்காலத்துலேருந்து. அதுக்கு முன்னாடியும் சூடு குறைவுதான். ஆனா இந்த நின்னா-ஓடினா கூத்து புதுசு."

இதற்கு முன் இரண்டு வருடத்தில் மூன்று இடத்தில் மூன்று வேலை நடந்திருந்தது. முதலில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மாற்றினார்கள். அடுத்த இடத்தில் புளோயர் மோட்டார் மாற்றினார்கள். குளிர்ந்த காற்று முன்பைவிட வேகமாக வந்தது. மூன்றாவது இடத்தில் ரேடியேட்டருக்குள் கழுவும் திரவம் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து அனுப்பினார்கள். செய்தவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த மூன்றும் ஹீட்டரைக் கெடுக்கக்கூடிய காரணங்களே. ஆனால் நின்றால் என்ன, ஓடினால் என்ன என்ற வித்தியாசத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

சூடு வரும் வழி

ஹீட்டருக்கென்று தனி நெருப்பு கிடையாது. எஞ்சின் வீணாக்கும் சூட்டைத்தான் அது கடன் வாங்குகிறது. சிலிண்டர் ஹெட்டில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) ஒரு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோருக்குப் போகிறது. கோர் என்பது கைக்கடக்கமான ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் துடுப்புகளுக்கிடையே புளோயர் காற்றைத் தள்ளுகிறது. சூட்டை இழந்த கூலன்ட் இன்னொரு ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. இந்த வண்டியில் உள்ளே போகும் ஹோஸில் கேபிளால் இயங்கும் வால்வு ஒன்று, காற்றுப் பாதையில் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கதவு ஒன்று. வெளிக்காற்றை இழுத்து, சூடான தண்ணீரால் அதைச் சூடாக்கிப் பயணிகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938 மாடல் கார்களில் கொண்டுவந்தது. தத்துவம் இந்த வண்டியிலும் அதேதான். (எஞ்சினையே காற்றால் குளிர்விக்கும் பழைய வோல்க்ஸ்வேகன் பீட்டில் போன்றவை வேறு சாதி. அவற்றில் சைலன்சர் குழாயைச் சுற்றி ஓடும் காற்றுதான் ஹீட்டர். குழாயில் ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். இங்கே சொல்வது எதுவும் அந்த வண்டிகளுக்குப் பொருந்தாது.)

வாட்டர் பம்பை எஞ்சின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் பம்பும் சோம்பலாகத்தான் சுற்றும். 2500, 3000 சுற்றில் அதற்குத் தெம்பு வரும். ஆகவே நின்றால் குளிர், ஓடினால் சூடு என்றால் சூடு தயாராவதில் குறையில்லை. அதைத் தண்ணீர் சுமந்து வருவதில்தான் குறை. கோருக்குள் காற்று அடைத்திருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், கோர் பாதி அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம்.

தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டால் கதை நேர் எதிர். ஓட்டத்தில் ரேடியேட்டரில் காற்று மோதி எஞ்சின் குளிர்ந்துபோகும், ஹீட்டரும் குளிரும். போக்குவரத்தில் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். டீச்சர் சொன்னது இதற்குத் தலைகீழ். அந்த ஒரு வாக்கியம் தெர்மோஸ்டாட்டை விடுவித்துவிட்டது. முதல் பட்டறையில் மாற்றிய தெர்மோஸ்டாட் புதுசு என்பதோ நல்லது என்பதோ இங்கே பேச்சே இல்லை.

கை வைக்கும் முன் அளவு

இரண்டு ஹோஸ்களின் சூட்டையும் பார்க்காமல் ஹீட்டர் வேலையில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பக் கூடாது என்பது என் பழக்கம். இரண்டும் நல்ல சூடு, ஆனால் காற்று குளிர் என்றால் கோளாறு காற்றுப் பக்கம்: கதவு, கேபிள், புளோயர். உள்ளே போவது சூடு, வெளியே வருவது ஆறிப்போய் இருந்தால் நீரோட்டம் குறைவு. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் எஞ்சினே சூடாகவில்லை. இரண்டும் சில்லென்று இருந்தால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது உள்ளே காற்று அடைத்துத் தண்ணீரே போகவில்லை. கையால் தொட்டே முக்கால்வாசி தெரிந்துவிடும். நான் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்தேன். ரப்பர் ஹோஸில் அது சரியாகக் காட்டும். பளபளக்கும் உலோகத்தில் குறைத்துக் காட்டும். அங்கே கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பார்க்க வேண்டும்.

வெளியே 7 டிகிரி செல்சியஸ். எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, வால்வை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் போட்டேன். ஐட்லிங்கில் உள்ளே போகும் ஹோஸ் 61, திரும்பும் ஹோஸ் 24, துவாரத்தில் வரும் காற்று 19 டிகிரி. ஆக்ஸிலேட்டரை 2500 சுற்றில் பிடித்தபோது 83, 52, 37. எஞ்சின் 84ஐத் தொட்டதும்தான் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடானது. அதாவது தெர்மோஸ்டாட் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. டீச்சரின் புகார் எண்களாக எதிரே நின்றது.

நிறைந்தே இருந்த டப்பா

"கூலன்ட் பாத்தீங்களா டீச்சர்?"

"வாராவாரம் பார்க்கிறேன். டப்பா எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கு. நோட்டைப் பாருங்க."

நோட்டில் பதினான்கு மாதத்துக்கு ஒரே வரி: டப்பா நிறைவு. டப்பா நிறைவு. டப்பா நிறைவு.

எஞ்சினை மதியம் வரை ஆறவிட்டேன். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து கை வெந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், ஆகவே இதில் எனக்கு அவசரமே கிடையாது. ஆறிய பிறகு திறந்தால் உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. விரலை விட்டேன், எட்டவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பா கழுத்துவரை நிறைந்து உட்கார்ந்திருந்தது.

இந்த வகை வண்டிகளில் ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. சூட்டில் கூலன்ட் விரியும்போது பெரிய வால்வு திறந்து, மிகுதியை ஒரு குழாய் வழியாக டப்பாவுக்கு விடும். 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் இது ஏறக்குறைய கால் லிட்டர். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, நடுவிலிருக்கும் சின்ன வால்வு திறந்து, போனதைத் திரும்ப உறிஞ்சும். ஆகவே நல்ல நிலையில் உள்ள டப்பா சூட்டில் ஏறும், குளிரில் இறங்கும். இந்த டப்பா ஏறியது, இறங்கவில்லை. காரணம் சின்னது. மூடியின் கழுத்திலிருந்து டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாய், வளையும் இடத்தில் வெடித்திருந்தது. வெளியே போகும்போது அழுத்தத்தில் கூலன்ட் போய்ச் சேர்ந்துவிடும். திரும்பும்போது தண்ணீரைவிடக் காற்றை உறிஞ்சுவது எளிது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மடக்குக் காற்று உள்ளே போயிருக்கிறது. ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால் காற்று முதலில் குடியேறியது அங்கேதான்.

டீச்சரிடம் குழாயைக் காட்டினேன். வெடிப்பை விரலால் விரித்துப் பார்த்தார்.

"பதினாலு மாசம் ஒரே ரீடிங். பசங்க லேப் நோட்டுல இப்படி எழுதியிருந்தா மீட்டர் ஓடுதான்னு கேட்டிருப்பேன். என் நோட்டுல எனக்குத் தோணலை பாருங்க."

மூடியையும் சோதித்தேன். 0.9 பார் அழுத்தம் தாங்க வேண்டியது 0.3லேயே விட்டுவிட்டது. 0.9 பாரில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரிவரை கொதிக்காது; 0.3 பாரில் 107க்கே கொதித்துவிடும். ஹெட்டுக்குள் சூடு அதிகமான மூலைகளில் கூலன்ட் ஆவியாகிக் குமிழி விட இது போதும்.

காற்று திரும்பத் திரும்பச் சேர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பெரிய செலவு: ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்து, சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருவது. அதை ஒதுக்காமல் மேலே போக முடியாது. ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுத்தேன். கார்பன் டைஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிடம் பார்த்தும் நீலம் நீலமாகவே இருந்தது. இருவருக்கும் மூச்சு வந்தது.

புது மூடி, புதுக் குழாய் போட்டேன். வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி, ஹீட்டர் வால்வை முழுதாகத் திறந்து, திரும்பும் ஹோஸில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி, ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டு 1.1 லிட்டர் ஊற்றினேன். காற்றெல்லாம் கடகடவென்று வெளியேறியது.

மறுபடி அளவு. ஐட்லிங்கில் உள்ளே 82, திரும்புவது 43, காற்று 34. முன்னேற்றம்தான். டீச்சர் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். எனக்குப் போதவில்லை. 82இல் போய் 43இல் திரும்பினால் தண்ணீர் கோருக்குள் உலா போகிறது, ஓடவில்லை. வால்வைக் கழற்றிப் பார்த்தேன், முழுதாகத் திறந்தது. பம்பைக் கழற்றுவது பெரிய வேலை. ரேடியேட்டர் பக்கம் சுழற்சி நன்றாக இருந்ததால் பம்பைச் சந்தேகிக்கவில்லை. மிச்சம் கோர்தான்.

பின்பக்கமாகக் கழுவியது

கோரைக் கழற்றாமல் அதன் அடைப்பை அளக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கம் கழற்றி, ஒன்றில் ஒரு மீட்டர் உயரத்தில் வைத்த வாளியிலிருந்து தண்ணீர் விட்டு, இன்னொன்றில் ஒரு லிட்டர் வர எத்தனை வினாடி என்று பார்ப்பது. இதே அளவுள்ள நல்ல கோர் ஒன்றில் 9 வினாடி எடுத்தது எனக்கு நினைவிருந்தது. இது 52 வினாடி எடுத்தது.

ஹோஸ் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பழைய செம்புக் கோரின் கழுத்து வெண்ணெய் மாதிரி. ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுத்தால் கழுத்து கையோடு வரும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுப்பதே நல்லது. புது ஹோஸ் மலிவு, கழுத்து மலிவல்ல.

திரும்பும் குழாய் வழியாக, அதாவது வழக்கத்துக்கு எதிர்த் திசையில், மிதமான அழுத்தத்தில் தண்ணீர் விட்டேன். குழாய்த் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிடுகிறவர்கள் உண்டு, 0.9 பாருக்குச் செய்த பழைய கோர் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் பழுப்புத் தண்ணீர், பிறகு துருச் செதில், பிறகு எதிர்பாராத ஒன்று: வெள்ளி நிறத்தில் மினுங்கும் பொடி. அப்போதுதான் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒன்பது வருடத்துக்கு முன்: ரேடியேட்டர் கசிவு, பவுடர் ஊற்றினார்கள், நின்றுவிட்டது. அடுத்த வருடம் மறுபடி. அதற்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி.

கசிவை அடைக்கும் பவுடருக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. குறுகலாக எது இருந்தாலும் போய் உட்காரும். கூலன்ட் அமைப்பிலேயே குறுகலானது ஹீட்டர் கோரின் குழாய்கள்தான். வழியில் வண்டி நின்று வீடு போய்ச் சேர வேண்டிய நிலையில் அதை ஊற்றுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஊற்றிவிட்டு மறந்துபோவதுதான் வினை. மூன்று முறை என்றால் சொல்லவே வேண்டாம்.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது. குறையும்போதெல்லாம் ஊற்றியது குழாய்த் தண்ணீர். கூலன்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் உறைநிலை மைனஸ் 9 என்று வந்தது. தண்ணீரும், அதை உறையாமல் காக்கும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி என்றால் மைனஸ் 37 வந்திருக்க வேண்டும். உறைவதைக்கூட விடுங்கள். கிளைக்காலோடு சேர்ந்து வரும் துருத் தடுப்பு மருந்தும் அதே அளவுக்கு நீர்த்துப்போயிருக்கிறது. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்புக் கோர், ஈயப் பற்று, எல்லாம் ஒரே திரவத்தில் மூழ்கியிருந்தால் அது ஏறக்குறைய பேட்டரிதான். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலன்டிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தேன்: 0.38 வோல்ட். பட்டறைக் கணக்கில் 0.1க்குள் இருந்தால் நிம்மதி, 0.3ஐத் தாண்டினால் கூலன்ட் செத்துவிட்டது. இதைச் சொன்னதும் டீச்சர் நோட்டில் உடனே எழுதிக்கொண்டார்.

தண்ணீரால் கழுவியதில் 52 வினாடி 31 ஆனது. 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை வெதுவெதுப்பாக ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கழுவி, மறுபடி ஊறவிட்டேன். செம்பு-பித்தளைக் கோர் என்பதால் துணிந்தேன். அலுமினியக் கோராக இருந்தால் இவ்வளவு நேரம் விட்டிருக்க மாட்டேன். 14 வினாடிக்கு வந்தது. தெருவே கேட்கும்படி விசில் அடித்தேன் என்று பட்டறைப் பையன்கள் இன்னும் சொல்கிறார்கள். புதுக் கூலன்ட், கனிமம் நீக்கிய தண்ணீரோடு சரிபாதி. ஐட்லிங்கில் 83, 66, காற்று 51. டீச்சர் நன்றி சொல்லிக் கிளம்பினார்.

என் தவறு

நான்காம் நாள் போன்.

"தம்பி, முன் கண்ணாடியில உள்பக்கம் எண்ணெய் மாதிரி ஏதோ படியுது. துடைச்சா இன்னும் மங்குது. ராத்திரி எதிர்ல லைட் வந்தா ஒண்ணுமே தெரியலை."

"ஏதாவது வாசனை வருதா டீச்சர்?"

"இனிப்பா, மருந்து கலந்த மாதிரி."

அவர் சொல்லி முடிக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. கோரில் ஊசித் துளை. கூலன்ட் பனிபோலக் கசிந்து, புளோயர் அதைக் கண்ணாடிமேல் அடிக்கிறது. அந்தத் துளையை இத்தனை நாள் மூடி வைத்திருந்ததே நான் கழுவி எடுத்த துருவும் பவுடரும்தான். கழுவிய பிறகு அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. விசில் அடிக்க நேரம் இருந்தது, அதற்கு இல்லை.

வண்டி வந்ததும் அழுத்தச் சோதனைக்கான கைப்பம்பை மாட்டி 0.9 பார் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் 0.7க்கு இறங்கியது. பானெட்டுக்குள் எங்கும் ஒரு சொட்டு இல்லை. இடப்பக்க மிதியடியைத் தூக்கினால் அடியில் ஈரம். ஈரத்தை வைத்து மட்டும் கோர் என்று தீர்ப்பெழுதக் கூடாது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயின் வடிகாலில் இலை அடைத்தால் மழைத்தண்ணீரும் அதே இடத்தில்தான் இறங்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் மழைத்தண்ணீர் வழுக்காது. இது வழுக்கியது, நிறமும் கூலன்டின் நிறம். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழைய ஆட்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பாக இருப்பதால்தான் நாய், பூனைகள் சிந்தியதை நக்கிச் சாகின்றன.

கோரை வெளியே எடுத்தாக வேண்டும், ஆனால் அவருக்கு வண்டி தினமும் வேண்டும். அதனால் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்து, கோரை வெளியே விட்டு ஓடவிட்டேன். இரண்டையும் தனித்தனியாக அடைத்துவிடுவது சில எஞ்சின்களில் ஆபத்து. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றிவர அந்த வழி ஒன்றுதான் இருக்கும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால்

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். ஏழு மணி நேரம். இதில் ஸ்பேனர் பிடித்தது இரண்டு மணி நேரம்தான் இருக்கும். மிச்சமெல்லாம் 37 வருடப் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கெஞ்சியது. குளிரில் அவை அப்பளம். ஹேர் டிரையரால் சூடாக்கி எடுத்தால் பாதியாவது பிழைக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது வந்த இடத்தின் படத்தோடு தனி உறையில் போட்டு வைத்தேன்.

ஹீட்டர் பெட்டியைத் திறந்ததும், துவாரத்தில் 51க்கு மேல் ஏன் ஏறவில்லை என்பது தெரிந்தது. காற்றுக் கலவைக் கதவின் விளிம்பில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் முழுக்கப் பொடியாகியிருந்தது. டீச்சரின் கோட்டில் அவ்வப்போது விழுந்த கறுப்புத் தூள் இதுதான். கதவு மூடியிருந்தாலும் சுற்றி விரல் நுழையும் இடைவெளி. நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்தாலும் குளிர்ந்த காற்று பக்கவாட்டில் நழுவி வந்து கலந்திருக்கிறது. போதாததற்குக் கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப் நகர்ந்து, கதவு கடைசி 12 மில்லிமீட்டர் பயணத்தைச் செய்யவே இல்லை. நெம்புகோலை இரண்டு கோடிக்கும் தள்ளும்போது கதவு தட்டும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். நான் முதல் நாள் ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டிருக்கிறேன்.

கோரின் தொட்டியை ரேடியேட்டர் வேலை செய்பவர் என் கண்முன் சூடு காட்டிப் பிரித்தார். 24 குழாய்களில் 9 கல்லாக அடைத்திருந்தன. சிட்ரிக் அமிலம் திறந்த குழாய்களைச் சுத்தம் செய்ததே தவிர, மூடியவற்றுக்குள் நுழையவே இல்லை. கீழ்த் தொட்டியில் சாம்பல் நிறக் களி. துளை, பற்று வைத்த தையலில் இருந்தது.

புதிதாக அலுமினியக் கோர் வாங்கிப் போடலாமா, பழைய தொட்டிகளுக்கு நடுப்பகுதி மட்டும் மாற்றிச் செம்பில் கட்டலாமா என்ற கேள்வி வந்தது. கிடைத்த அலுமினியக் கோரின் தடிமன் குறைவு, கழுத்துக் குழாய்களின் கோணமும் வேறு. ஹோஸை வளைத்துச் சமாளித்தால் ஒரு வருடத்தில் அந்த வளைவே அடுத்த கோளாறு. செம்பில் கட்டச் சொன்னேன். வர 11 நாள் ஆனது. வந்ததும் பெட்டிக்குள் வைக்கும் முன் வெளியிலேயே தண்ணீர்த் தொட்டியில் முக்கி அழுத்தம் ஏற்றிப் பார்த்தேன். இந்த முறை இரண்டு தடவை.

கதவுக்கும் கோரைச் சுற்றியும் நீர் உறிஞ்சாத, மூடிய குமிழ் ஃபோம் ஒட்டினேன். பழையது ஈரத்தை உறிஞ்சும் ஸ்பாஞ்ச். ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் அது உதிர்ந்துதான் தீரும். கோரைச் சுற்றி ஒட்டுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் காற்று துடுப்புகளுக்குள் புகாமல் ஓரமாகப் போய்விடும்.

புளோயர் பற்றி இரண்டு வரி. முதல் இரண்டு வேகமும் செத்து, மூன்றாவது மட்டும் ஓடியது. மூன்றாவது வேகத்தில் மின்சாரம், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகப் போவதில்லை, நேராகப் போகிறது; ஆகவே ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. அதை மாற்றினேன். அதைக் குளிர்விக்கும் காற்றுப் பாதையில் கிடந்த ஒரு கைப்பிடி இலைகளையும் அள்ளினேன். இல்லாவிட்டால் புதியதும் எரியும்.

திரும்ப நிரப்பியது

பழைய கூலன்ட் எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. நிறத்தை வைத்து முடிவு செய்வதை நான் விட்டுப் பல வருடமாயிற்று. ஒரே நிறத்தில் வெவ்வேறு மருந்து, ஒரே மருந்து வெவ்வேறு நிறத்தில் வருகின்றன. பொருந்தாத இரண்டு கலந்தால் சில சமயம் கூழாகிவிடும். பிளாக்கின் வடிகால் திருகையும் திறந்து முழுக்க வடித்து, வடிவது தெளிவாகும்வரை வெறும் தண்ணீர் விட்டு ஓட்டினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது பார்த்தேன்: அதிலிருக்கும் குட்டி ஆடும் ஊசி கீழ்ப்பக்கமாக மாட்டப்பட்டிருந்தது. அது மேலே இருந்தால்தான் நிரப்பும்போது காற்று அதன் வழியே வெளியேறும். திருப்பி மாட்டினேன். பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி அதைத் திறக்கவைத்தும் பார்த்தேன்: 82இல் சரியாக வாயைத் திறந்தது.

கலவை சரிபாதி. "இன்னும் கெட்டியா ஊத்தினா இன்னும் நல்லதா?" என்று டீச்சரே கேட்டார், கேட்ட விதத்தில் விடை அவருக்குத் தெரியும் என்று பட்டது. வெறும் எத்திலீன் கிளைக்கால் ஏறக்குறைய மைனஸ் 13லேயே உறைந்துவிடும். தண்ணீரைவிடக் குறைவான சூட்டைத்தான் சுமக்கவும் செய்யும். கெட்டியாக ஊற்றினால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

காற்று நீக்கி, மூடி போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் திறந்து பார்த்தேன். 150 மில்லி குறைந்திருந்தது. நிரப்பினேன். அடுத்த நாள் குறையவில்லை. அழுத்தம் 0.9இல் இருபது நிமிடம் அசையாமல் நின்றது. மல்டிமீட்டர் 0.06 வோல்ட்.

கடைசி அளவு: வெளியே 6 டிகிரி, ஐட்லிங், முழு வேகம். உள்ளே 84, திரும்புவது 69, துவாரத்தில் 60. ஆக்ஸிலேட்டரை 2500இல் பிடித்தால் துவாரத்தில் 62. நின்றாலும் ஓடினாலும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். நான் விசில் அடிக்கவில்லை.

கழுவிய வேலைக்கும் ஏழு மணி நேரத்துக்கும் கூலி வாங்கவில்லை; கோர் கட்டிய செலவை மட்டும் வாங்கினேன். டீச்சர் ஒத்துக்கொள்ள மறுத்தார். அது எங்களுக்குள் தனிச் சண்டை.

ஆறு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தார். கூலன்ட் எப்படி என்று கேட்பதற்கு முன் நோட்டை நீட்டினார். டப்பா நிறைவு என்ற வரி எங்கும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு பத்தி போட்டுக் கோடு கிழித்திருந்தார்: குளிரில், சூட்டில். 41 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர். 41, 61. 40, 60. அளக்கும் பிளாஸ்டிக் ஸ்கேல் நோட்டுக்குள்ளேயே இருந்தது.